அரம் பட்ட பெட்டி

அடைக்கலமேரியும் அவள் புருஷன் செபமாலையும் சேர்ந்து வாசித்தால் பிடில் எது, ஆர்மோனியம் எது என்று பிரிக்க முடியாது என்பார்கள் குளத்தூர்ப் பக்கத்தில். சொன்னவர்கள் பாராட்டாகத்தான் சொன்னார்கள். கேட்ட இருவருக்கும் அதில் பெருமைதான்.

செபமாலை நாடகப் பெட்டிக்காரன். புதுக்கோட்டையிலிருந்து எந்த ஊர்த் திருவிழாவுக்கு நாடகம் போனாலும் ஆர்மோனியத்துக்கு அவனைத்தான் முதலில் கேட்பார்கள். ராஜபார்ட் ஒரு சுருதியில் பாடிவிட்டுப் போவார். அடுத்து வரும் ஸ்திரீபார்ட் வேறொரு சுருதியில் எடுப்பாள். அவள் மூச்சு வாங்குவதற்குள் செபமாலையின் விரல்கள் இடம் மாறி அவளுக்காகக் காத்திருக்கும். மேரி கோயில் பாட்டு வாத்தியாரின் மகள். மாதா கோயிலில் இருந்த பெட்டியோடு ஒட்டித்தான் அப்பாவிடம் பிடில் படித்தாள். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் அவர்களுக்குக் கல்யாணம் ஆனது. கொஞ்ச நாளிலேயே செபமாலை அவளை நாடக மேடையோரம் தன் பக்கத்தில் உட்கார வைத்தான். பொம்பளையைப் பக்கவாத்தியத்துக்கு வைப்பதா என்று முனகியவர்களிடம், "என் சம்சாரம் என் பக்கத்துல ஒக்காந்து வாசிக்கிறா. ஒங்களுக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டான். இப்படிப் பேசுகிறவனுக்காக எதையும் செய்யலாம் என்று மேரிக்கு அப்போது தோன்றியது.

ரேடியோ ஆசை முதலில் வந்தது அவனுக்குத்தான்.

"பொட்டிய ரேடியோவுக்குள்ள விட மாட்டானுக. அது சர்க்கார் சட்டம். பிடிலுக்குத் தடை இல்ல. நீ போ மேரி. நம்ம வீட்டுப் பேரு ஒரு தடவையாச்சும் அதுல வரட்டும்."

அவனே விண்ணப்பம் எழுதிப் போட்டான். தேர்வு நாளன்று அவனே கூட வந்து ரேடியோ நிலையத்து வாசலில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டான்.

உள்ளே சுவரெல்லாம் துணி அடித்த அறை. ஓர் அம்மாள் தம்பூராவை மீட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களின் முகம் தெரியவில்லை. மேரி மோகனம் எடுத்தாள். நாடகத்தில் அவள் மோகனம் வாசித்தால் கடலை விற்கிறவன்கூடக் கூவுவதை நிறுத்துவான். இங்கே கொஞ்ச நேரத்திலேயே, "போதும்மா" என்று குரல் வந்தது. பிறகு வயதான ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். மரியாதையாகவே பேசினார்.

"வில்லு ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா காந்தாரம் மேல ஏறி நிக்குது. தைவதமும் அப்படித்தான். ஆர்மோனியத்தோட வாசிக்கிறவங்களா?"

"ஆமாங்க. எங்க வீட்டுக்காரரு பெட்டி வாசிப்பாரு."

"அதான். பிடில்ல வீணை மாதிரி மெட்டு கிடையாது, பெட்டி மாதிரி கட்டை கிடையாது. விரலை எங்க வேணும்னாலும் வைக்கலாம். நீங்க அந்தப் பெட்டி வைக்கிற இடத்திலயே வைக்கிறீங்க. தம்பூராவோட மட்டும் கொஞ்ச காலம் பழகிட்டு மறுபடி எழுதிப் போடுங்க."

வெளியே வந்து அதை அப்படியே செபமாலையிடம் சொன்னாள். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, "என் பொட்டி தப்புங்குறானா?" என்றான்.

"தப்புன்னு சொல்லலங்க. வேற எடங்குறாரு."

"வேற எடம்னா தப்புன்னுதான் அர்த்தம்."



நாடகத்துக்கு மிருதங்கம் வாசிக்க வரும் வெள்ளைச்சாமிக்குப் பிரகதாம்பாள் என்று ஒரு தங்கை. மேரி வயதுதான். குடுமியான்மலைக் கோயிலில் பரம்பரையாக ஊழியம் செய்த குடும்பம். பொட்டுக் கட்டுவதைத் தடுத்த சட்டத்தோடு அந்த ஊழியம் போயிற்று. அவளைக் கட்டிக்கொள்ள ஒருவரும் வரவில்லை. வீட்டில் ஒரு தம்பூராவும் ஒரு கோட்டுவாத்தியமும் இருந்தன. மெட்டில்லாத வீணை அது. தந்தி மேல் ஒரு வழவழப்பான மரத்துண்டை இழுத்து வாசிக்க வேண்டும். மேரி அவளைத் தேடிக்கொண்டு போனாள்.

பிரகதாம்பாளுக்கு நாக்கு கூர்மை. "மலையில போயிப் பாத்தீங்களா? பாறை பூரா சுரமா வெட்டி வச்சிருக்கான். வாசிக்கத்தான் ஊர்ல எவனுக்கும் தெரியல. அங்கிட்டு அது கெடக்கு, இங்கிட்டு நான் கெடக்கேன்" என்றாள். பிறகு தம்பூராவை மேரியின் மடியில் வைத்து மீட்டச் சொல்லிவிட்டு, கோட்டுவாத்தியத்தைத் தன் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"நான் கட்டைய மெல்ல மெல்ல மேல தள்ளிக்கிட்டே போறேன். காந்தாரம் வந்ததும் நில்லுன்னு சொல்லுங்க."

மரத்துண்டு நகர்ந்தது. "நில்லு" என்றாள் மேரி.

"தாண்டிட்டீங்க." கட்டை பின்னுக்கு வந்து மறுபடி கிளம்பியது. மேரி மறுபடி நிறுத்தினாள். மறுபடியும் தாண்டிப்போயிருந்தது. அன்று முழுக்க அவள் சொன்ன ஒவ்வொரு "நில்லு"வும் ஒரே இடத்தில்தான் விழுந்தது. தன் புருஷனின் பெட்டியில் காந்தாரம் இருக்கும் இடத்தில்.

"இனிமே சொல்லாதீங்க. தம்பூராவக் கேளுங்க. நீங்க மீட்டுறது சட்சமும் பஞ்சமமுந்தான. அந்தக் கனத்த தந்தி அடங்குறப்ப உள்ளேருந்து இன்னொண்ணு கெளம்பும். அதக் கேக்குற வரைக்கும் பிடிலத் தொட வேணாம்."

மேரி வாரா வாரம் போனாள். புதன்கிழமைச் சந்தைக்கு என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போவாள். தம்பூராவில் காதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒன்றும் கேட்காது. மழைக்காலம் வந்து, நாற்று நட்டு, களை எடுத்து முடிகிற வரை ஒன்றும் கேட்கவில்லை. இதெல்லாம் இவர்கள் கட்டிவிடும் கதை என்றுகூட நினைத்தாள். பிறகு ஒரு நாள், வேறு எதையோ யோசித்துக்கொண்டு மீட்டியபோது, கனத்த தந்தியின் முனகலுக்குள் ஒரு காந்தாரம் நின்றது. யாரும் அதைத் தொடவில்லை. யாரும் அதைப் பாடவில்லை. அவள் மீட்டுவதை நிறுத்தினாள். அதுவும் மெல்லப் போய்விட்டது. மறுபடி மீட்டினாள், வந்தது. பெட்டியின் காந்தாரத்தைவிட ஒரு மயிரிழை கீழே, ஆடாமல் அசங்காமல் இருந்தது.

"கேட்டிருச்சா?" என்றாள் பிரகதாம்பாள், வாசலில் அரிசி புடைத்துக்கொண்டே. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகு விரலைப் பழக்க வேண்டியிருந்தது. மூளை கீழே என்று சொல்லும். விரல் பழைய இடத்துக்கே போகும். ஒரே சுரத்தின் மேல் வில்லை நீளமாக இழுத்து, தம்பூராவின் காந்தாரத்தோடு உரசாமல் கலக்கும் இடத்தில் விரலை நிறுத்தி, எடுத்து, மறுபடி வைப்பாள். காந்தாரம் சரியானதும் தைவதம், அப்புறம் நிஷாதம். வருஷம் ஒன்றுக்கு மேல் ஓடியது. இரண்டு பெண்களுக்கும் "வாங்க போங்க" போய் "வாடி போடி" வந்திருந்தது.

விரல் இடம் மாறியதும் வீட்டில் அமைதி போயிற்று. செபமாலை பெட்டியைத் திறந்தால் மேரிக்குப் பல் கூசும். அவனுக்குத் தெரியாது என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நாடகத்தில் அவனோடு சேர்ந்து வாசிக்கும்போது பழைய இடத்துக்கு விரலைத் தள்ளிப் பார்த்தாள். விரல் போக மறுத்தது. பெட்டி ஓரிடத்தில் நிற்க, பிடில் ஓரிழை தள்ளி நிற்க, நடுவில் ஓர் அலை அடித்தது. கேட்கிறவர்களுக்குக் காரணம் தெரியாது. என்னவோ சேரவில்லை என்று மட்டும் தெரியும்.

வெள்ளைச்சாமிதான் ஒரு நாள் வாய் விட்டுச் சொன்னான். "மாப்புள, தப்பா நெனைக்காத. மேரி தங்கச்சி வாசிப்பு முன்ன மாதிரி ஒன்னோட ஒட்டலயே."

வீட்டுக்கு வந்து செபமாலை கேட்டான். "வேணும்னே செய்யிறியா?"

"இல்லங்க."

"அப்பறம்?"

"தம்பூராவக் கேட்டுக் கேட்டு எனக்கு இப்ப அந்த எடம் வராதுங்க."

"என்னோட எடம் வராது. அப்படித்தான?"

அவன் அவளை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அடுத்த நாள் காலையில், "அந்தத் தம்பூரா சத்தத்த எனக்கும் காட்டு" என்றான்.

மேரி பிரகதாம்பாளின் தம்பூராவை இரவல் வாங்கி வந்தாள். மாதக்கணக்கில் காத்திருந்து அவள் கேட்டதை அவன் நான்கைந்து நாளில் கேட்டுவிட்டான். பெட்டிக்காரன் என்றாலும் காது அப்படிப்பட்ட காது. கேட்டதும் அவன் முகம் விழுந்துவிட்டது. பிறகு பெட்டியின் மேல்பலகையைக் கழற்றினான். உள்ளே நாக்கு நாக்காகப் பித்தளை ரீடுகள் வரிசையாக இருந்தன. அடியில் சுரண்டினால் ரீடின் சத்தம் இறங்கும், நுனியில் சுரண்டினால் ஏறும். அது எந்தப் பெட்டிக்காரனுக்கும் தெரியும். தச்சனிடம் ஒரு சின்ன அரம் வாங்கி வந்தான்.

மேரி அன்றைக்கே பிரகதாம்பாளிடம் ஓடினாள். சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. கேட்டதும் பிரகதாம்பாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"வேணாம்னு சொல்லுடி. பெட்டி செஞ்சவன் முட்டாள் இல்ல. எந்தச் சுதியில பாடுனாலும் ஒப்பேறணும்னுதான் எல்லாக் கட்டையையும் கொஞ்சங் கொஞ்சம் நகத்தி வச்சிருக்கான். ஒன் சுதிக்குச் சரியா வச்சா வேற ஒரு சுதிக்கு அது நாசமாப் போகும். பிடில்னா வெரல நகத்திக்கலாம். பெட்டியில எதடி நகத்துவ?"

சொல்ல வேண்டும் என்றுதான் மேரி வீடு திரும்பினாள். செபமாலை வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் உட்கார்ந்து காந்தார ரீடை அரத்தால் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தான். "வா, வா. ஒரு தடவ வில்லப் போடு" என்றான். அவள் பிடிலை எடுத்தாள். இரண்டு காந்தாரமும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. அலை இல்லை, உரசல் இல்லை. செபமாலை துருத்தியை அழுத்திப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டான். அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"இம்புட்டு நாளும் மூடுன சட்டியத்தான் மோந்து பாத்திருக்கேன் மேரி" என்றான்.

அவள் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். அவன் பன்னிரண்டு சுரத்தையும் ஒவ்வொன்றாகத் திருத்தினான். வேலை முடிந்த பிறகும் சொல்லவில்லை. அறுவடை முடிந்து நாடகங்கள் தொடங்காத மாதம் அது. தினமும் காலையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அவளுடைய இரண்டு கட்டைச் சுருதியிலேயே வாசித்தார்கள். கல்யாணம் ஆன நாளில் இருந்து அப்படி ஒரு மாதம் அவர்களுக்கு இருந்ததில்லை. அதைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

பங்குத் திருவிழா வந்தது. கோயில் திடலில் சாயங்காலமே நாடகம். ராஜபார்ட் ஐந்து கட்டைச் சுருதியில் பாடினார். பெட்டி ஒத்துழைத்தது. முன்பைவிட இனிமையாகவே இருந்தது. செபமாலை மேரியைப் பார்த்துச் சிரித்தான். ஒருவேளை பிரகதா சொன்னது தப்போ என்று மேரிக்கு நெஞ்சு லேசானது. அப்போது ஸ்திரீபார்ட் கண்ணாத்தாள் திரை விலக்கி வந்தாள். அவளுக்கு நாலரைக் கட்டை.

சட்சம் சரியாக இருந்தது. பஞ்சமம் சரியாக இருந்தது. காந்தாரத்தைத் தொட்டதும் பெட்டி ஊளையிட்டது. கண்ணாத்தாள் திடுக்கிட்டு நிறுத்தினாள். தன் தொண்டைதான் பிசகியது என்று நினைத்து மறுபடி எடுத்தாள். மறுபடி அதே ஊளை. தைவதம் அதைவிட மோசம். நிஷாதம் கேட்கச் சகிக்கவில்லை. செபமாலையின் விரல்கள் பழகிய இடத்துக்கெல்லாம் ஓடின. எந்தக் கட்டையும் அவனுக்குக் கைகொடுக்கவில்லை.

கண்ணாத்தாள் நாடகக்காரி. சனங்களைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "செபமாலையண்ணே, பொட்டிக்குள்ள எலி கிலி செத்துக் கெடக்கா?"

திடலே சிரித்தது. வெள்ளைச்சாமி சத்தத்தை மூட மிருதங்கத்தை ஓங்கி அடித்தான். செபமாலை சட்சத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். கண்ணாத்தாள் துணையில்லாமல் தடுமாறினாள். மேரி என்ன செய்வாள்? அவள் விரலுக்கு எந்தச் சுருதியும் ஒன்றுதான். கண்ணாத்தாளின் நாலரைக் கட்டைக்குள் காந்தாரத்தைத் தேடி வைத்தாள். பாட்டு நிமிர்ந்தது. சனங்கள் கை தட்டினார்கள். பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "பொட்டியத் தூக்கி உள்ள வையிங்கப்பா! பிடிலு போதும்!"

அவள் வாசிப்பதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நாடகம் முடிகிற வரை அவள் வாசித்தாள். அவன் மூடிய பெட்டியின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டான். "இப்படி ஆகும்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"நீங்க அரத்த எடுத்த அன்னைக்கே பிரகதா சொன்னா."

அவன் நின்றுவிட்டான். அவள் இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்தாள். "ஏன் சொல்லல?" என்று கேட்பான் என்று காத்திருந்தாள். அதற்குச் சொல்ல அவளிடம் ஒரு பதிலும் இருந்தது. அவன் கேட்கவில்லை.

அவள் முன்பே மறுபடி எழுதிப் போட்டிருந்ததற்கு அந்த வாரமே ரேடியோவில் இரண்டாம் தேர்வு. இந்தத் தடவை தனியாகப் போனாள். தம்பூராவோடு வாசித்தாள். யாரும் இடையில் நிறுத்தவில்லை. அதே வயதானவர் வெளியே வந்து, "காது மாறியிருக்கேம்மா. இது லேசுல மாறாது" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது செபமாலை தரையில் உட்கார்ந்திருந்தான். ரீடுகளைப் பழைய இடத்துக்கு ஏற்றிவிட முயன்றிருக்கிறான். ஒரு தடவை இளைத்த பித்தளை இன்னொரு தடவை அரம் தாங்காது. முக்கால்வாசி ரீடுகள் நாக்கு முறிந்து துணியில் கிடந்தன. அவை ஜெர்மனியில் செய்தவை. புதிதாக வரவழைக்க வழியில்லாத காலம்.

"செயிச்சிட்டியா?"

"ம்."

"நல்லது. சோறு வடிச்சு வச்சிருக்கேன். சாப்புடு."

அதன் பிறகு அவனை நாடகத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. இரவல் பெட்டி தருவதாகச் சிலர் சொன்னார்கள். ஒரு தடவை வாங்கி வாசித்துப் பார்த்தான். உண்மையான காந்தாரத்தைக் கேட்டுவிட்ட காது அவனுக்கும் இருந்ததே, அரைப்பாட்டில் எழுந்து வந்துவிட்டான். "அரம் செபமாலை" என்று நாடகக்காரர்கள் பேர் வைத்தார்கள். அந்தப் பேர் ஊருக்குள்ளும் வந்தது. கோயிலுக்கு வேறு ஊரிலிருந்து ஒரு பெட்டிக்காரன் வந்தான். ஒரு நாள் செபமாலை, கோட்டைப்பட்டினத்தில் கருவாட்டு மண்டியில் ஆள் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டு ஒரு பையோடு பஸ் ஏறினான். பொங்கலுக்கு வருவான் என்றார்கள். வரவில்லை. ஈஸ்டருக்கும் வரவில்லை.

மேரியின் பேர் ரேடியோவில் வந்தது. ஆனால் அவள் நினைத்த மாதிரி வரவில்லை. பெரிய பாடகர்கள் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். அதனால் எப்போதாவது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஊரே கண்ணசந்திருக்கும் வேளையில் கால் மணி நேரம் தனியாக வாசிக்கக் கொடுத்தார்கள். நாடகக்காரர்களும் அவளை விட்டுவிட்டார்கள். புதிதாக வந்த பெட்டிக்காரர்களோடு அவளால் சேர முடியவில்லை. "நல்லாத்தான் இருந்த, எதுக்குடி இந்த வேலை ஒனக்கு?" என்று மாமியார் கேட்டாள். பிரகதாம்பாளிடம் ஒரு தடவை அழுதாள். "கேக்காதத கேக்கணும்னு நீதான வந்த" என்றாள் அவள். பிறகு எழுந்து போய்க் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

ஐம்பத்தெட்டிலோ ஒன்பதிலோ, ஒரு கோடைக்காலத்தில் மேரி கோட்டைப்பட்டினம் போனாள். ஒலிப்பதிவு முடிந்த கையோடு ஊருக்கு வராமல் நேராக அங்கே பஸ் ஏறிவிட்டாள். கையில் பிடில் பெட்டி. மண்டி கடற்கரையை ஒட்டி இருந்தது. மணலில் பாய் பாயாக நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. செபமாலை கறுத்திருந்தான், உடம்பு கொஞ்சம் வைத்திருந்தது. அவளைக் கண்டதும் பதறி எழுந்தான். முதலாளி மரைக்காயரிடம் போய், "வீட்டுல இருந்து வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு வந்து, நிழலில் ஒரு சாக்கை விரித்தான். டீ வாங்கி வந்து கொடுத்தான்.

"நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். இங்கன யாரும் பாட்டுப் பத்திக் கேக்க மாட்டாக. நீ?"

"இருக்கேன்." டீக் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "வீட்டுக்கு வாங்க" என்றாள். "புதுப் பொட்டி வாங்கிக்கலாம். நான் பிடில விட்டுர்றேன். வேணும்னா ரெண்டையுமே விட்டுருவோம்."

அவன் ஈ மொய்த்த டீக் கிளாசைக் கையால் மூடிக்கொண்டான்.

"நீ சொல்லியிருந்தா நான் அரத்த எடுத்திருக்க மாட்டேன் மேரி."

"அந்த ஒரு மாசம் இருந்திருக்காதுங்க."

"தெரியும். அதனாலதான் ஒன்ன வைய முடியல." கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்த ஒரு மாசத்துக்கு என் பொழப்ப வெலையாக் கொடுக்கலாம்னு நீ முடிவு பண்ணுன. என்னையும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா நானே சரின்னுகூடச் சொல்லியிருப்பேன். நீ கேக்கல. இப்ப ஒன் பக்கத்துல ஒக்காந்தா, நீ மொகத்தத் திருப்புறியா இல்லியான்னு பாக்கத்தான் தோணுது. வாயத் தொறந்து பேசவே கூச்சமா இருக்கு."

"நான் மொகத்தத் திருப்ப மாட்டேங்க."

"இப்பயே திருப்பிட்டுத்தான இருக்க."

கருவாட்டு வாடைக்காக முந்தானையை மூக்கருகே பிடித்திருந்தாள். சட்டென்று கையை எடுத்தாள்.

சாயங்காலப் பஸ்ஸில் அவனே அவளை ஏற்றிவிட்டான். வாழையிலையில் சுற்றி நெத்திலி கொடுத்தான், அம்மாவுக்கு என்றான். கண்டக்டர் விசில் ஊதினான். மேரி ஜன்னல் வழியாக, "நாயித்துக்கெழம மத்தியானம் ரேடியோவுல வைப்பாங்க. இங்க ரேடியோ இருக்கா?" என்று கேட்டாள்.

"மரைக்காயர் வீட்டுல இருக்கு."

"கேப்பீங்களா?"

"மத்தியானம் கருவாடு பொரட்டிப் போடுற நேரம்" என்றான் செபமாலை. பஸ் கிளம்பியது. அவன் நிற்காமல் மண்டிப் பக்கம் திரும்பி நடந்தான்.

அவன் கடைசி வரை அங்கேயே இருந்தான். மேரிக்கு ரேடியோவில் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வாசிப்பு கிடைத்தது. பிறகு அதுவும் குறைந்தது.